45 வெள்ளி (ரிங்கிட்) வெளிச்சப் பலகையும் இலவச இமேஜ்ஜே மென்பொருளும்: எங்கள் செம்பனைத் தாளை அளந்து பார்த்த கதை

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது, 300 அட்டை, பொன்னிற எழுத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெறுங்குலையிலிருந்து கைத்தாள் செய்கிறோம்; ஏழு பேருமே தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது பட்டணத்துக் குடியிருப்புக்கு வந்தவர்கள். தாள் கையில் பிடித்தால் கெட்டியாக, அழகாகத்தான் இருந்தது. அச்சகத்தில் மை ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மணமகள் பெயரில் முதல் எழுத்து பளிச்சென்று நிற்கிறது, அடுத்த எழுத்து பாதி ஊறிப்போய்ச் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. 40 அட்டைக்கு மேல் அப்படி. பெண் வீட்டார் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த அட்டைகளை மட்டும் பிரித்து மேசை ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதுதான் வலித்தது.

எங்கள் குழுவில் மூத்தவர் பெரியம்மா, கித்தா (ரப்பர்) காலத்தில் புகைக் கொட்டகையில் வேலை செய்தவர். அவர் ஒரு அட்டையை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இங்க பாரு தம்பி, மேகம் மேகமா கெடக்கு. ஷீட்டா இருந்தா இதை மூணாம் நம்பர்ல தள்ளியிருப்பாங்க" என்றார். புகை போட்ட ரப்பர் ஷீட்டை அப்படித்தான் தரம் பிரிப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துக் கொப்புளம், அழுக்கு, புள்ளி எல்லாம் பார்த்து 1 முதல் 5 வரை நம்பர். தாளிலும் இதே பார்வைதான் முதல் சோதனை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தாள் ஆலைக்காரர்கள் இதை ஃபார்மேஷன் என்பார்கள், நான் இழைப் பரவல் என்று சொல்கிறேன்: ஒரு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் தூரத்துக்குள் தாளின் எடை எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது. மொத்தத் தாளும் சதுர மீட்டருக்கு 120 கிராம் என்று சரியாக வந்திருக்கலாம், ஆனால் உள்ளுக்குள் ஒரு இடம் 150, பக்கத்து இடம் 90 என்று இருந்தால் மை ஏறும் விதமே வேறு, கிழியும் இடமும் அதுதான்.

கண்ணால் பார்த்து "இது நல்லது, இது மோசம்" என்று சொல்லலாம். ஆனால் போன வாரம் செய்த தாளைவிட இந்த வாரத் தாள் முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால் கண்ணுக்கு ஞாபகம் பத்தாது, ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்வோம். அதனால்தான் வெளிச்சப் பலகை, படத்தை அளக்கும் மென்பொருள் என்ற இந்த இரண்டு சாமான்களையும் தேடிப் போனேன். எட்டு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பலகை. ஓவியம் பிரதி எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் எல்இடி வெளிச்சப் பலகை, ஏ4 அளவு, அரை சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லை, யூஎஸ்பி ஒயரில் ஓடுகிறது, வெளிச்சம் மூன்று படி. இணையத்தில் வாங்கிய முதல் பலகையில் ஒரு மூலை முழுக்க மங்கல், நான் படம் அனுப்பியும் விற்றவர் பதில் போடவே ஒன்பது நாள் ஆக்கினார், கடைசியில் பணம் திரும்பி வந்தது. இரண்டாவதை ஈப்போவுக்குப் போனபோது ஒரு எழுதுபொருள் கடையில் ஒயரை மாட்டிக் காட்டச் சொல்லி, கடையின் மேல் விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிப் பார்த்து வாங்கினேன். 45 வெள்ளி. நீங்களும் வாங்கினால் இப்படி நேரில் பார்த்தே வாங்குங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இதை வாங்க முடியாது.

நன்றாக இருக்கிற பலகையிலும் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. விளக்குகள் ஒரு விளிம்பில் வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து பிளாஸ்டிக் தகட்டுக்குள் ஒளி ஓடி மேலே சிதறுகிறது, அதனால் அந்த விளிம்புப் பக்கம் எப்போதும் கொஞ்சம் அதிகம். ஓவியக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நமக்கு இதுதான் முதல் எதிரி, ஏனென்றால் பலகையின் மேடு பள்ளமும் தாளின் மேடு பள்ளமும் படத்தில் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். இன்னொன்று, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது, போன் கேமராவில் குறுக்குப் பட்டைகளாக விழுந்து படம் வீணாகிறது. முழு வெளிச்சத்தில் பட்டையே வருவதில்லை. ஆக மூன்று படியில் எனக்கு உதவுவது ஒன்றுதான்.

அடுத்தது இமேஜ்ஜே (ImageJ). அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் எழுதியது, 1997 முதல் இருக்கிறது, யாரும் காசு கொடுக்க வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். நுண்ணோக்கியில் செல் எண்ணுகிறவர்களுக்காகப் பிறந்த மென்பொருள், ஆனால் படத்தில் எதை அளக்க வேண்டுமானாலும் அளக்கும். என் மகள் படிவம் மூன்றில் வாங்கிய பழைய மடிக்கணினியில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மெனு முழுக்க ஆங்கிலம், எங்கள் அக்காமாருக்கு அதுதான் தடை. நான் ஒரு அட்டையில் தமிழில் படிப்படியாக எழுதி ஒட்டியிருக்கிறேன், இப்போது மூன்று பேர் தனியாகவே அளக்கிறார்கள். தாளின் இழைப் பரவல் என்று ஒரு பொத்தான் அதில் கிடையாது, நாமாகத்தான் கோர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கோர்த்தோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விலைக்கு இது உருப்படியான கருவியாகுமா என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பலகை மேல் தாளை வைத்து, அதன் மேல் பழைய சாமிப் படச் சட்டத்தின் கண்ணாடியை வைத்து அழுத்துகிறோம், கைத்தாள் அலையலையாக நெளியும், நெளிவு இருந்தால் எண் கெட்டுவிடும். போனை ஒரு மரச் சட்டத்தில் அசையாமல் மாட்டியிருக்கிறேன். கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும், சாதாரணப் படமாகச் சேமிக்கும்போது கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெளிச்சத்தை வளைத்தும் விடும். அதனால் எல்லாவற்றையும் பூட்டி, கேமரா எதையும் திருத்தாத மூலப் படமாக (RAW) எடுத்து, 16 பிட் டிஃப் (TIFF) படமாக மாற்றித்தான் இமேஜ்ஜேக்குள் விட வேண்டும். அப்புறம் அதே இடத்தில் தாளே இல்லாமல் கண்ணாடியோடு வெற்றுப் பலகையை ஒரு படம். இங்கே நான் இரண்டு வாரம் தடுமாறினேன்: தாளுக்குச் சரியான ஷட்டரில் வெற்றுப் பலகையை எடுத்தால் படம் முழுக்க வெளுத்து உச்சத்தில் முட்டி நிற்கும், அதில் தகவலே இருக்காது. வெற்றுப் பலகையை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்து, பிறகு கணக்கில் எட்டால் பெருக்கிக்கொண்டால் சரியாக வருகிறது. தாள் படத்தை வெற்றுப் படத்தால் வகுக்கிறோம், பலகையின் மேடு பள்ளம் அப்படியே கழிந்துவிடுகிறது. பிறகு மடக்கை (லாக்) எடுக்கிறோம், ஒளி தாளுக்குள் நுழைந்து குறைவது எடைக்கு நேர் விகிதத்தில் இல்லை, அதன் மடக்கைதான் தோராயமாக எடையோடு சேர்ந்து ஏறும்.

கடைசியில் நடுப்பகுதியில் ஒரு சதுரம் வரைந்து, அனலைஸ் மெனுவில் மெஷர். செட் மெஷர்மெண்ட்ஸில் ஒரு தடவை டிக் போட்டு வைத்தால் சராசரி, அதிலிருந்து புள்ளிகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் இரண்டும் வரும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் மாறுபாட்டுக் கெழு, அதுதான் நாங்கள் சுவரில் எழுதுகிற எண். எண் சிறிதானால் இழை சீராகப் பரவியிருக்கிறது. கடையில் வாங்கும் 80 கிராம் ஏ4 தாளை வைத்தால் எங்கள் ஏற்பாட்டில் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. திரும்பி வந்த கல்யாண அட்டை 16. அந்த எண்ணைப் பார்த்த அன்று எங்கள் கொட்டகையில் யாரும் பேசவில்லை.

ஆனால் ஒரே எண்ணை வைத்து ஏமாறவும் ஏமாறலாம். உப்புமாவில் ரவை சின்னச் சின்னதாகக் கட்டி தட்டுவதும் ஒரே பெரிய கட்டியாக நிற்பதும் ஒன்றா? இரண்டு தாளுக்கும் கெழு ஒன்றாகவே வரலாம், அச்சில் இரண்டும் வேறு வேறு கதை. இதற்கு இமேஜ்ஜேயில் ஒரு எளிய வழி இருக்கிறது. எங்கள் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 13 புள்ளிகள், அதனால் காஸியன் மங்கலை 13 என்று போட்டு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் படத்தை மழுக்கிவிட்டு மறுபடி அளக்கிறேன். கெழு சட்டென்று விழுந்தால் சீரின்மை பொடிப்பொடியானது, கவலை குறைவு. விழாமல் அடம்பிடித்தால் கட்டிகள் பெரியவை. எங்கள் கல்யாண அட்டையில் ஐந்து மில்லிமீட்டர் மழுக்கிய பிறகும் 9 நின்றது, அதாவது பெரியம்மா ஜன்னலில் பார்த்த மேகங்கள். இதைவிட நுட்பமாகப் போக வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சாம்பல் நிறம் எப்படி ஜோடி சேர்கிறது என்று எண்ணும் முறை இருக்கிறது, 1973இல் ஹராலிக், சண்முகம், டின்ஸ்டீன் மூவரும் கொடுத்தது, இமேஜ்ஜேக்கு அதற்கான துணைநிரலும் கிடைக்கிறது. அந்த நடுப்பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் வேலைக்கு மழுக்கி அளப்பதே போதுமாக இருக்கிறது.

இப்போது எண் கையில் வந்துவிட்டது, காரணம் தேட வேண்டும். வெறுங்குலையின் இழை குட்டை, ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம். தாள் உறுதியாக இருக்கட்டும் என்று நாங்கள் கெனாஃப் பட்டையைக் கலந்தோம், நம் புளிச்சக்கீரை இனத்துச் செடி, இழை இரண்டரை மில்லிமீட்டர் வரும். உறுதி வந்தது, மேகமும் வந்தது. 1992இல் கெரெக்ஸ், ஷெல் இருவரும் நெருக்க எண் என்று ஒன்றைக் காட்டினார்கள்: ஒரு இழை தண்ணீரில் தன் நீளத்துக்குச் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ, அந்த இடத்துக்குள் எத்தனை இழை சிக்கிக் கிடக்கின்றன என்பது. அது இழையின் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நீளம் இரண்டு மடங்கானால் நெருக்கம் நான்கு மடங்கு. எண் 16ஐத் தாண்டினால் இழைகள் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கும், 60ஐத் தாண்டினால் கட்டி கலையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குலை இழை மட்டும் என்றால் தண்ணீரில் எவ்வளவு தாங்குமோ, கெனாஃப் அளவு நீளம் என்றால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கே கட்டத் தொடங்கிவிடும். நாங்கள் இரண்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம்.

தண்ணீரைக் கூட்டினோம், 16 என்பது 12 ஆனது. அடுத்தது வெண்டைக்காய். ஜப்பானியர்கள் நீண்ட இழைத் தாளுக்கு ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் கொழகொழப்பைத் தொட்டியில் கலக்கிறார்கள், அந்தச் செடி வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். நம் ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அழுக்கு எடுக்க வெண்டைச் சாற்றை ஊற்றுவது பெரியம்மாவுக்குத் தெரியும், அவர் அம்மா சொல்லி. சந்தையில் முற்றிப்போன வெண்டைக்காய் ஒதுக்கிப் போட்டிருப்பதை வாங்கி, நறுக்கி, இரவெல்லாம் ஊறவைத்து, துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினோம். தண்ணீர் வடிய நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் அச்சுச் சட்டத்தை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைக்க முடிகிறது, இழைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு விலகுகின்றன. 12 என்பது 8 ஆனது. ஐந்து மில்லிமீட்டர் மழுக்கிய பிறகு 3. அன்றைக்கு அளந்தது நான் இல்லை, ஒரு அக்கா, மூன்று தடவை திருப்பித் திருப்பி மெஷர் போட்டுப் பார்த்தார்.

பெரியம்மாவின் கண்ணோடு இதை மோதவிட்டும் பார்த்தோம். பத்துத் தாள், அவர் ஜன்னலில் பார்த்து வரிசைப்படுத்தினார், நான் இரவில் அளந்து வரிசைப்படுத்தினேன். எட்டு ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இரண்டுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. ஒன்றில் குலையின் வேகாத கறுப்புச் செதில்கள் அங்கங்கே இருந்தன. பெரியம்மா அதைப் புள்ளி என்று ஒதுக்கிவிட்டு இழைப் பரவலை மட்டும் பார்த்தார், மென்பொருளுக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை, கறுப்பெல்லாம் எடை என்று எண்ணி எண்ணை ஏற்றிவிட்டது. மற்றொன்றை யாரோ ஈரம் காயும் முன் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியிருந்தார்கள். அழுத்திய இடத்தில் இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்வதால் ஒளி கூடுதலாகப் புகும், எடை அதேதான், ஆனால் படத்தில் மெலிந்த இடம் போலத் தெரியும். எண் 11 வந்தது. பெரியம்மாவோ தடவிப் பார்த்து "இது நல்ல தாள்தான்" என்று மேலே வைத்திருந்தார்.

யார் சொல்வது சரி என்று தெரிய ஒரே வழி எடைதான். தோல் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் துளை போடும் பஞ்ச் கருவியால் 25 மில்லிமீட்டர் வட்டங்கள் வெட்டிக்கொண்டு, பட்டணத்தில் எனக்குத் தெரிந்த பத்தரிடம் போனேன், அவரிடம் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கிறது. 120 கிராம் தாளென்றால் ஒரு வட்டம் 59 மில்லிகிராம் வர வேண்டும். தங்கப் பொடிக்குப் பக்கத்தில் தாள் வட்டத்தை வைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக அவரே வைத்து எடுத்தார். தாள் ஈரத்தைக் குடிக்கும் சாமான், சோதனைக் கூடங்களில் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று அறையையே பூட்டி வைப்பார்கள், நமக்கு அந்த வசதி இல்லாததால் எல்லா வட்டத்தையும் ஒரே மணி நேரத்துக்குள் நிறுத்தோம். இஸ்திரி போட்ட தாளின் வட்டங்கள் 57க்கும் 61க்கும் நடுவில் நின்றன. பெரியம்மா சொன்னதுதான் சரி.

அதனால் இந்தக் கருவியின் எல்லையைத் தெளிவாகவே சொல்கிறேன். இது ஒளியை அளக்கிறது, எடையை அளக்கவில்லை. எடையையே நேராகப் படமாக எடுக்க ஆய்வுக்கூடங்களில் கார்பன் 14 போன்ற மூலத்திலிருந்து வரும் பீட்டா கதிரைத் தாள் வழியாக விட்டுப் பார்க்கிறார்கள், அதற்கு அழுத்தமும் நிறமும் ஒரு பொருட்டில்லை. அதை வீட்டில் வைக்க முடியாது. சாயம் போட்ட தாள், களிமண் நிரப்பிய தாள், அழுத்தி மெருகு ஏற்றிய தாள் இவற்றை எங்கள் பலகையில் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது. சாயம் போடாத, ஒரே மாதிரி காயவைத்த, ஒரே எடைத் தாள்களை ஒன்றுக்கொன்று ஒப்பிடலாம், அதற்கு இது நம்பகமானது. உங்கள் ஊரில் ஒருவர் வேறு பலகை, வேறு போனில் எடுத்த எண்ணோடு எங்கள் எண்ணை ஒப்பிடுவதும் வேலைக்கு ஆகாது. எடை குறைந்தால் கெழு தானாகவே ஏறும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்: இழைகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தற்செயலாகவே விழுந்தாலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும், 1960இலேயே கால்மஸ், கோர்ட்டே இருவரும் அதைக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மெல்லிய தாளில் அது கூடுதலாகத் தெரியும். 60 கிராம் தாள் செய்துவிட்டு எண் ஏறிவிட்டதே என்று யாரும் மனசு உடைய வேண்டாம்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. வெற்றுப் படத்தால் வகுக்கும் படியை மட்டும் பிள்ளைகள் கையாலேயே செய்யட்டும், வகுப்பதற்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கலாமா என்றால், கைத்தாள் செய்கிறவர்கள், அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பலகையை மட்டும் கண்ணைத் திறந்து பார்த்து. எட்டு மாதத்தில் எங்கள் பலகையின் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் வெற்றுப் படத்தை ஒவ்வொரு இரவும் புதிதாக எடுக்கிறோம், பழையதை வைத்து ஒப்பேற்றக் கூடாது. ஒயர் சேரும் இடம் தளர்ந்துவிட்டது, ரப்பர் பட்டை சுற்றி வைத்திருக்கிறேன். மறுபடி வாங்கினால் ஏ3 அளவுதான் வாங்குவேன், விளிம்பில் இரண்டு விரல் அகலம் எப்படியும் உபயோகப்படாது, ஏ4 பலகையில் ஏ4 தாளை முழுசாக அளக்க முடியவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு 500 அட்டை கேட்டிருக்கிறார்கள், அதில் பாதியை இதுவரை அளந்து முடித்திருக்கிறோம், 9க்கு மேல் போன தாள்களைப் பெரியம்மா திரும்பத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டார்.